விசுவாசிகளுக்கும் மனம் வலிக்கும்

“விசுவாசம் இருந்தால் ஏன் இப்படிக் கலங்குகிறீர்கள்?” துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. தேற்றத்தான் கேட்கிறார்கள். ஆனால் துயரத்தில் இருப்பவருக்கு அதோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்லக்கூடக் கூசுகிறார். வேதாகமம் துயரப்படுபவரின் வாயை எங்கும் அடைக்கவில்லை. மனம் விட்டு அழவும் பேசவும் உதவி கேட்கவும் அது இடம் கொடுக்கிறது. இன்றைய உளவியல் சொல்வதும் அதையேதான்.

மன அழுத்தம்: முதலில் உடலைக் கவனியுங்கள்

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது; தசைகள் இறுகுகின்றன; ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. சிறிது நேரத்துக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. கடன், நோய், குடும்பச் சண்டை என்று மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கமின்மை, தலைவலி, எரிச்சல், மறதி எல்லாம் வரும்; ரத்த அழுத்தமும் கூடலாம்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி இப்படித்தான் நொடிந்துபோகிறார். ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்கிறார். அவருக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. அவர் தூங்குகிறார். தேவதூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. தெம்பு வந்த பிறகு, ஓரேப் மலைக் குகையில்தான் ஆண்டவர் பேச்சைத் தொடங்குகிறார், அதுவும் கேள்வியாக. எலியா தன் மனக்குறையை இரண்டு முறை சொல்கிறார். இரண்டு முறையும் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கப்படுகிறது. பிறகு அவருக்கு ஒரு வேலையும், எலிசா என்ற துணையும் கிடைக்கின்றன. தூக்கம், உணவு, மனம்விட்டுப் பேச்சு, செய்ய ஒரு வேலை, கூட ஓர் ஆள். மனநல ஆலோசகர்கள் இன்று கவனிப்பதும் இவற்றைத்தான்.

ஜெபத்துக்கு உடலளவிலும் பலன் உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்கு நிதானப்பட்டது. இதயத் துடிப்பின் லயமும் அதோடு இசைந்தது. மூச்சை மெதுவாக்கும் எந்த ஜெபமும் பதற்றத்தைத் தணிக்க உதவும்.

துன்பம்: காரணம் சொல்வதா, கூட இருப்பதா?

யோபுவின் நண்பர்கள் மூவர் வந்து, அவரோடு ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்லது அதுதான். வாய் திறந்ததும், உன் பாவமே காரணம் என்று வாதாடத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல்தான். முறையிட்டுப் புலம்பிய யோபுவின்மேல் அல்ல. சங்கீதங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது.

நம்பிக்கை எப்படிப்பட்டது என்பதும் உடல்நலத்தைத் தொடும். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடவுள் என்னோடு இருக்கிறார் என்ற எண்ணம் தாங்கும் சக்தியைத் தருகிறது. அவர் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற எண்ணமோ ஆளை உருக்குகிறது. மருத்துவமனையில் இருந்த, 55 வயதைத் தாண்டிய கிட்டத்தட்ட 600 நோயாளிகளை அவருடைய குழு இரண்டு ஆண்டுகள் கவனித்தது. இந்த இரண்டாவது வகை எண்ணத்தோடு போராடியவர்களிடையே இறப்பு அபாயம் கூடியிருந்ததாக 2001-இல் தெரிவித்தது. ஆகவே நோயாளியிடம் “இது பாவத்தின் பலன்” என்று சொல்வது அவர் உடலுக்கும் கேடாகலாம்.

மனவலியை அமுக்கி வைப்பதும் ஆபத்து. வலி எதற்கு என்பதை ஒரு மருத்துவரின் அனுபவம் காட்டுகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர்களின் விரல்கள் அழுகி விழுவதாகத்தான் அப்போது நம்பினார்கள். வலி உணர்வு போனதால், காயமும் சூடும் தெரியாமலே விரல்கள் சிதைகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வலியை உடலின் காவல் என்றே அவர் கருதினார். மனம் வலிக்கும்போதும் எங்கோ கவனிப்பு தேவைப்படுகிறது.

மரணம்: மறைக்காத பேச்சு

இறந்த லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக் கூடாது என்பதற்கு இதற்குமேல் மறுப்பு வேண்டியதில்லை.

லண்டனில் 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டரானவர். சாகும் தறுவாயில் இருப்பவரின் வேதனையில் உடல், மனம், குடும்பம், ஆன்மா என நான்கும் அடங்கும் என்றார். வலி வந்தபின் ஊசி போடாமல், வலி தலைதூக்கும் முன்பே மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுக்கும் முறையைப் பரப்பினார். வலி அடங்கினால்தான் நோயாளி பிள்ளைகளோடு பேசவும் ஜெபிக்கவும் மன்னிப்புக் கேட்கவும் முடியும். இன்றைய வலிநிவாரண சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றியவை. எல்லாரும் அந்த வரிசையில்தான் துக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஒருவர் உடனே அழுவார். இன்னொருவருக்கு நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான் அழுகை வரும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

• இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, தூக்கக்கேடு, பசியின்மை இருந்தால்.

• நெருங்கியவர் இறந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிறகும் அன்றாட வேலையே செய்ய முடியாதபடி துக்கம் அழுத்தினால்.

• குடிப்பழக்கம் கூடினால். காரணமற்ற குற்ற உணர்வு வாட்டினால்.

• சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அருகில் ஒருவர் இருக்கட்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

ஜெபித்த பிறகு மாத்திரை எதற்கு என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்தை டாக்டர் சொல்லும்போதுதான் குறைக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை விழுங்குவதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லையே.

குடும்பமும் சபையும்

வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்தில், நோயாளியோடு உறவினரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த அணுகுமுறை வீட்டிலும் வேண்டும். துக்க வீட்டுக்குப் போவதை அடக்க ஆராதனையோடு நிறுத்திவிடாமல், மூன்றாம் மாதத்திலும் போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சம்மதித்தால் சுருக்கமாக ஜெபியுங்கள். போதகர்கள் தங்கள் ஊரில் உள்ள மனநல மருத்துவரின் எண்ணைக் கையில் வைத்திருந்து, தேவைப்படுபவரைத் தாங்களே அழைத்துக்கொண்டு போகலாம். போதகரே கூட்டிப்போனால், சிகிச்சைக்குப் போவது வெட்கம் என்ற நினைப்பு அந்தச் சபையில் வெகுவாகக் குறைந்துவிடும்.