வண்டி உதறுதா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்



வங்கிக் கடன் வாங்கி குட்டியானை வண்டி ஓட்டும் குழுக்களில் எங்கள் குழுவும் ஒன்று. தவணை, டீசல், இன்சூரன்ஸ், டிரைவர் பேட்டா எல்லாக் கணக்கும் எங்களுக்கு அத்துப்படி. ஆனால் வண்டியில் ஒரு கோளாறு என்று வந்துவிட்டால் மட்டும் மெக்கானிக் சொல்வதுதான் வேதம். "இதை மாத்தணும்க்கா, அதை மாத்தணும்க்கா" என்றால் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து வைப்போம். போன ஐப்பசி மழையில் வந்த ஒரு உதறல்தான் எங்கள் கண்ணைத் திறந்தது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிய டிரைவர் தம்பி, "அக்கா, 50-ஐத் தாண்டினா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது, கிடுகிடுன்னு உதறுது" என்றார். மெக்கானிக்கிடம் காட்டினோம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர், டை ராடு எல்லாம் போச்சு என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் ஒன்றரை மாதத் தவணை. குழுக் கூட்டத்தில் பாதிப் பேர், "வண்டி நின்னா தவணை எப்படிக் கட்டுறது, செஞ்சிருவோம்" என்றார்கள். சைக்கிள் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் மட்டும் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"மெதுவா போறப்ப உதறுதா?"

"இல்லக்கா."

"பிரேக் போடுறப்ப?"

"அப்பவும் இல்லக்கா. வேகம் புடிச்சா மட்டும்தான்."

"அப்ப சக்கரத்தைப் பார்க்காம டை ராடுக்கு எதுக்குப் போகணும்?"

இந்த மூன்று கேள்விதான் விஷயமே. உதறல் எந்த வேகத்தில் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா என்று கவனித்தாலே கோளாறு எங்கே இருக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

சோளக்காட்டில் கிளி விரட்டக் கவண் சுற்றியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மெதுவாகச் சுற்றினால் கல் கனமே தெரியாது. வேகமாகச் சுற்றினால் கையைப் பிடித்து இழுக்கும். சக்கரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடியிருந்தாலும் இதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நாலு மடங்காகும். குட்டியானையின் சின்னச் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோ இழுப்பாக மாறும். நொடிக்குப் பத்துத் தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் அதே இழுப்பு. 30 கிராம் என்றால் ஒரு கைப்பிடி உளுந்துகூட இல்லை. பெரிய சக்கரம் உள்ள வண்டி அதே வேகத்துக்குக் குறைவான சுற்றே சுற்றும். நம் வண்டியில் 50-லேயே தெரிகிற உதறல் கார்களில் பெரும்பாலும் 80-க்கு மேல்தான் தெரிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்சக்கரத்தில் எடை ஏறுமாறாக இருந்தால் ஸ்டியரிங் உதறும். பின்சக்கரம் என்றால் சீட்டும் தரையும் அதிரும். லோடு ஏற்றியிருக்கும்போது பின்பக்க அதிர்வு அமுங்கிப் போகும், காலி வண்டியில் நன்றாகத் தெரியும். ஆகவே சோதனை ஓட்டம் காலி வண்டியில், நல்ல ரோட்டில் நடக்கட்டும்.

வேறு கோளாறுகள் வேறு மாதிரி காட்டிக்கொடுக்கும். பிரேக்கை மிதித்தால் மட்டும் உதறினால் பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது அலைன்மென்ட். பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் ஒரே கடையில் நடப்பதால் இரண்டும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடையைச் சரிசெய்வது. அலைன்மென்ட் என்பது சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. ஒன்றைச் செய்தால் மற்றொன்று சரியாகாது. நின்ற வண்டியில் ஆக்சிலேட்டர் கொடுத்தாலே நடுங்கினால் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எஞ்சின் பக்கம் போங்கள். மெதுவாகப் போகும்போதே தடக் தடக் என்று தூக்கிப்போட்டால் ரிம் கோட்டமாகவோ, டயரில் வீக்கமாகவோ இருக்கும். டயர் வீங்கியிருந்தால் அதில் ஓட்டவே வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

நாங்கள் காசு செலவில்லாமல் செய்த சோதனைகளைச் சொல்கிறோம். முதலில் எல்லா வீல் நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம். லூசான நட்டும் இதே மாதிரிதான் உதறும். அதோடு ஓட்டினால் சக்கரமே கழன்று ஓடும், அதனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து நாலு சக்கரத்திலும் காற்று. பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது கிங்பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு மூட்டு. எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. ஒருவேளை ஆட்டம் இருந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி என்று உடனே மாற்றியிருப்போம். ஸ்டியரிங் மூட்டு உயிர் போகிற விஷயம், அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

பிறகு ஒரு செங்கல் மேல் குச்சியை டயருக்கு நெருக்கமாக வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டோம். சைக்கிளுக்குக் கோட்டம் எடுக்கும்போது பார்ப்பது போலத்தான். குச்சிக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை என்றால் ரிம் நேராக இருக்கிறது. சக்கரம் தானாக நின்றதும் கீழ்ப்பக்கம் சாக்பீஸ் கோடு போட்டோம். மூன்று முறை சுற்றியும் இடது சக்கரம் அதே கோடு கீழே வருகிற மாதிரியே நின்றது. தராசில் கனமான தட்டு கீழே இறங்குகிற மாதிரி கனமான பக்கம் கீழே வருகிறது.

சக்கரத்தைக் கழற்றினால் உள்பக்கம் களிமண்! முந்தின வாரம் மழையில் வயல் வரப்புவரை வண்டியை இறக்கியிருக்கிறார்கள். ராத்திரி நிறுத்தியபோது ஈரச் சேறு ரிம்முக்குள் கீழ்ப்பக்கம் வடிந்து அப்படியே இறுகிவிட்டது. கொத்துக்கரண்டியால் சுரண்டி எடுத்தோம். உதறலில் முக்கால்வாசி அத்தோடு போனது.

மீதிக்காக இடது முன்சக்கரத்தையும் இடது பின்சக்கரத்தையும் மாற்றி மாட்டினோம். ஸ்டியரிங் உதறல் நின்றது, சீட்டுக்கு அடியில் லேசான அதிர்வு வந்தது. கோளாறு அந்தச் சக்கரத்தோடேயே பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். டை ராடு கெட்டிருந்தால் அது முன்னாலேயேதான் இருந்திருக்கும். அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால், ரிம் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் துருப்பிடிக்காமல் பளிச்சென்று இருந்தது. அங்கே இருந்த எடைக்கட்டி எங்கேயோ விழுந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு பஞ்சர் போட்ட சக்கரம் அது. டயரைக் கழற்றி மாட்டியவர் திரும்ப பேலன்ஸ் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பேலன்சிங் கடையில் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு பேர் கூடவே நின்று பார்த்தோம். சக்கரத்தை மெஷின் தண்டில் மாட்டி, ரிம்மின் அளவுகளைக் கொடுத்துச் சுற்றவிடுகிறார்கள். உள்பக்கம் இத்தனை கிராம், வெளிப்பக்கம் இத்தனை கிராம் குறைகிறது என்று திரையில் எண் வருகிறது, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் மெஷினே காட்டுகிறது. அங்கே எடைக்கட்டியைத் தட்டி மாட்டுகிறார்கள். எங்களுக்கு உள்ளே 45, வெளியே 20 காட்டியது. வீட்டில் போட்ட சாக்பீஸ் சோதனை ஏறுமாறு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மெஷின்தான் வேண்டும்.

கடையில் நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை உண்டு. சேற்றையும் டயர் பட்டன் இடுக்கில் உள்ள கல்லையும் எடுத்தபிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். பழைய எடைக்கட்டிகளையும் முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். எடைக்கட்டிக்குக் கிராம் கணக்கில் காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன, எனவே எத்தனை கிராம் என்பது நம் பையைப் பொறுத்த விஷயம். கட்டி மாட்டிய பிறகு மறுபடி ஒரு முறை சுற்றி, இரண்டு பக்கமும் 0 வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். எங்களிடம் "போதும்க்கா, வந்துரும்" என்றார் அந்தப் பையன். "சுத்திக் காட்டு தம்பி" என்றோம். 10 மிச்சம் காட்டியது! இன்னொரு கட்டி வைத்தபிறகுதான் 0 வந்தது. சின்னச் சக்கரத்துக்கு 100 கிராமுக்கு மேல் கேட்கிறது என்றால் கட்டியை அடுக்கிக்கொண்டே போகாமல், ரிம் கோட்டமா, டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினாலே பல நேரம் பாதியாகக் குறைந்துவிடும்.

புது டயர் போட்டாலும், பஞ்சருக்காக டயரை ரிம்மிலிருந்து கழற்றினாலும் பேலன்சிங் பார்க்க வேண்டும். மற்றபடி 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, சக்கரங்களை இடம் மாற்றிப் போடும்போதே சேர்த்துப் பார்த்துவிடலாம். பஞ்சர் கடை ஊருக்குள் இருந்து பேலன்சிங் கடை டவுனில் இருந்தால், டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, திரும்ப அதே இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். முழுக்கச் சரியாகாவிட்டாலும் டவுனுக்குப் போகும்வரை தாங்கும். ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் ஒரு நாள் ஓடத்தான் போகிறது.

"லேசா உதறுது, ஓடட்டும்" என்று விட்டவர்களும் நம் கூட்டமைப்பில் இருக்கிறார்கள். அந்த உதறல் டயரைத் திட்டுத் திட்டாகத் தேய்க்கும். அப்படித் தேய்ந்த டயருக்குப் பிறகு பேலன்சிங் செய்தாலும் சத்தமும் அதிர்வும் முழுசாகப் போகாது, டயரையே மாற்றும்படி ஆகும். பேரிங்கும், ஷாக்கும், எங்கள் வண்டியில் நன்றாக இருந்த அந்த டை ராடு மூட்டும்கூட இந்த அடியில்தான் நாளாவட்டத்தில் தேய்கிறது. நாலு சக்கரமும் பேலன்ஸ் பார்த்த ரசீதை எங்கள் வண்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒரு டயர் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு துளி.

சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியை 50 கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி, வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். கடையில் இறுக்கியதுதான் என்றாலும் ஓடியபிறகு சில நட்டு கால் சுற்று ஏறும். எங்களுக்கு இரண்டு ஏறியது.