அடிக்கடி ஒண்ணுக்கு: எண்ணுவதை விடுங்கள், அளந்து பாருங்கள்

ஸ்கூல் வேன் வருவதற்குள் ஆறு தடவை பாத்ரூம் போய்விட்டான். ஷூ மாட்டிய பிறகும் ஒரு தடவை. போன வாரம் வரை இப்படி இல்லை. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, சாப்பாடு வழக்கம்போல, விளையாட்டிலும் குறைவில்லை. யு.கே.ஜி. படிக்கிற பிள்ளைக்குச் சர்க்கரையா, கிட்னியில் கோளாறா என்று அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாட்டி ‘உடம்புச் சூடுதான்’ என்று தொப்புளில் நல்லெண்ணெய் வைக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். அப்பா ராத்திரி பதினொரு மணிக்குக் கைப்பேசியில் தேடி, கண்டதையும் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிறார்.

குழந்தை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன புகார். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள், டயப்பரை எப்போதோ விட்டுவிட்ட பிள்ளைகள்தான் பெரும்பாலும் இப்படி வருகிறார்கள். டாக்டரிடம் பெற்றோர் முதலில் சொல்வது எண்ணிக்கை: “இன்னிக்கு மட்டும் முப்பது தடவை, டாக்டர்!” முப்பது என்ற எண் யாரையும் பயமுறுத்தத்தான் செய்யும். குழந்தைகளின் சிறுநீர்க் கட்டுப்பாட்டைப் பற்றி ஆராயும் சர்வதேச நிபுணர் சங்கம், பகலில் நான்கு முதல் ஏழு தடவை என்பதை இயல்பு என்றும், எட்டும் அதற்கு மேலும் போனால் அதிகம் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் முப்பது எங்கேயோ இருக்கிறது. ஆனால் என்ன காரணம் என்று கண்டுபிடிக்க இந்த எண்ணிக்கை அதிகம் உதவாது. உதவுவது இரண்டு கேள்விகள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது? ராத்திரி எப்படி?

அளக்க ஒன்றும் வாங்க வேண்டாம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பரணிலோ சமையலறை அலமாரியின் மூலையிலோ பழைய பால் புட்டி ஒன்று கிடக்கும். அதன் பக்கவாட்டில் மில்லி அளவுக் கோடுகள் இருக்கும். குடிக்க இனி பயன்படுத்தப் போவதில்லை என்று முடிவு செய்து அதை பாத்ரூமில் வையுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். ஒரு மக்கில் பிடித்து, புட்டியில் ஊற்றி, மணியையும் மில்லியையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். எப்போது, என்ன குடித்தான் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சிறப்பு மருத்துவமனைகளில் ‘சிறுநீர் நாட்குறிப்பு’ என்று அச்சிட்டுக் கொடுப்பதும் இதே தாள்தான்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு முப்பது, 180 மில்லி. இப்போது தாளைப் பாருங்கள். முப்பது தடவை, தடவைக்கு 20 மில்லி என்றால் மொத்தம் 600 மில்லி. எதிர் வீட்டுப் பிள்ளை ஐந்தே தடவை, தடவைக்கு 120 மில்லி போகிறது. அதுவும் 600 மில்லிதான். இரண்டு பிள்ளைகளின் சிறுநீரகங்களும் ஒரே அளவு வேலைதான் செய்திருக்கின்றன. முதல் பிள்ளை அதைச் சில்லறையாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். இன்னொரு பிள்ளை பத்து தடவைதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் 170 மில்லி. மொத்தம் ஒன்றே முக்கால் லிட்டரை நெருங்குகிறது. பத்து என்பது முப்பதைவிடச் சின்ன எண்தான். ஆனாலும் உடனே கவனிக்க வேண்டிய பிள்ளை இதுதான். ஐந்து வயதில் ஒரு நாள் சிறுநீர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பு எதையோ தேவைக்கு மேல் வெளியே தள்ளுகிறது என்று பொருள்.

அந்த ‘எதையோ’வில் முதலில் விலக்க வேண்டியது சர்க்கரை. ரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும்; இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் அடங்காத தாகம், ராத்திரியும் எழுந்து போவது, படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது எல்லாம். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பாட்டிமார் பார்ப்பது வெறும் கட்டுக்கதை இல்லை. இந்தியாவின் பழைய மருத்துவ நூல்களே அதைச் சொல்கின்றன. ஆனால் எறும்பு வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டர், ஒரு நிமிடத்துக்குள் விடை.

சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகைச் சர்க்கரை நோய். அது பெரியவர்களுக்கு வருவதுபோல ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வதில்லை; அறிகுறி தெரிந்த சில வாரங்களிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி, வயிற்று வலி, வாந்தி, மேல்மூச்சு என்று ஐ.சி.யு. வரை கொண்டுபோய்விடும். அந்த வாந்தியை அஜீரணம் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. கனடாவின் டொராண்டோவில் 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ப்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்படும் வரை இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் சிறுநீர்த் தொற்று. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொற்று என்றால் பொதுவாக எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றம் இவற்றில் ஏதாவது ஒன்று கூட வரும். எதுவும் இல்லாத பிள்ளைக்கும் ஆய்வக அறிக்கையில் ‘பஸ் செல் 4–6’ என்று ஒரு வரி வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுகிறது. நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்கு ஐந்து வரை சீழ் அணுக்கள் தெரிவது சாதாரணம். சுத்தம் செய்யாமல், முதல் சொட்டிலிருந்தே பிடித்துக் கொடுத்த மாதிரியில் இன்னும் கூடுதலாகவே தெரியும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் மருந்துக்கு முன்பே கல்ச்சர் கொடுக்க வேண்டும். ஒரு மில்லியில் ஒரே வகைக் கிருமி லட்சக்கணக்கில் வளர்ந்தால் அது தொற்று. மருந்து கொடுத்த பிறகு கல்ச்சர் எடுத்தால், எதுவும் வளராத அறிக்கையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: மலச்சிக்கல். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. நெரிசல் பஸ்ஸில் பெரிய மூட்டையோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு என்ன ஆகுமோ அதுதான் நிரம்பிய மலக்குடலுக்குப் பக்கத்தில் சிறுநீர்ப்பைக்கும் ஆகிறது. முழுதாக விரியவும் இடமில்லை, முழுதாகக் காலியாகவும் முடிவதில்லை. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட மலச்சிக்கலுக்காக வந்த 234 குழந்தைகளில் பகலில் உடை நனைத்தவர்கள் 29 சதவீதம். மலச்சிக்கல் தீர்ந்த பிள்ளைகளில் 89 சதவீதம் பேருக்குப் பகலில் நனைப்பதும் நின்றுபோனது. சிறுநீருக்கென்று தனி மருந்து எதுவும் இல்லாமலேயே! “தினமும் போறானே” என்று பெற்றோர் சொல்வதை மட்டும் வைத்து இதை விலக்க முடியாது. புழுக்கை புழுக்கையாகப் போகிறதா, முக்குகிறானா, ஜட்டியில் கறை படிகிறதா என்று கேட்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லட்டில் கால் தரையைத் தொடாமல் தொங்கும் பிள்ளைக்கு முக்க வசதியே இல்லை. காலடியில் ஒரு ஸ்டூல் போட்டாலே பாதி வேலை ஆகிவிடும்.

ராத்திரி ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சி, டீ, காபி, கோலா, சிறுநீரில் கூடுதலாக இறங்கும் கால்சியம் ஆகியவற்றையும் டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார்.

இத்தனையும் இல்லை. சிறுநீர் சோதனை சுத்தம், சர்க்கரை சரி, வயிறு இளக்கம். தடவைக்கு 20 மில்லி, பகல் முழுக்கப் படையெடுப்பு. ஆனால் தூங்கிவிட்டால் காலை வரை எழுவதே இல்லை. உடையும் நனைவதில்லை. இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்தால் அனுபவமுள்ள டாக்டருக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். இதற்குப் பொலாக்கியூரியா என்று பெயர். 1973-இலேயே ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் இதைத் தனியாக விவரித்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பை கெடவில்லை, கெட்டிருந்தால் ராத்திரியிலும் தொந்தரவு தர வேண்டுமே!

பிறகு எங்கிருந்து வருகிறது அவசரம்? சிறுநீர்ப்பை நிரம்புவதை மூளைக்குச் சொல்லும் வேலையில் பியசோ-2 என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. சுவர் இழுபடுவதை உணர்ந்து அது சேதி அனுப்புகிறது. இந்தக் குடும்பத்துப் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக 2021-இல் ஆர்டெம் பட்டபூட்டியன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே பியசோ-2 வேலை செய்யாத சிலரை அவருடைய குழுவினர் ஆராய்ந்தபோது, முட்டுகிறது என்ற உணர்வே பலருக்கு இல்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் பாத்ரூம் போகிறார்கள் என்று தெரிந்தது. நம் பிள்ளை அதற்கு நேரெதிர். சேதி வந்ததா, அதை இப்போது கேட்பதா என்று மேலே மூளைதான் தீர்மானிக்கிறது. சிறுநீர் கழிப்பை நடத்தும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை 1925-இல் பிரிட்டிஷ் மருத்துவர் பேரிங்டன் பூனைகளை வைத்துக் காட்டினார். அந்த மையத்து நரம்பணுக்கள் பலவற்றில், மன அழுத்தத்தின்போது உடம்பு பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருளும் இருப்பது பின்னாளில் எலிகளில் தெரியவந்தது. தேர்வறை வாசலில் நிற்கும்போது பெரியவர்களுக்கே இரண்டு தடவை வருகிறதே, அந்த வழிதான்.

அழுத்தம் என்றால் பெரிய துயரமாக இருக்க வேண்டியதில்லை. தம்பிப் பாப்பா பிறந்திருக்கலாம். வீடு மாறியிருக்கலாம். தாத்தா இறந்திருக்கலாம். வகுப்பில் வேறொரு பிள்ளை உடையை நனைத்து எல்லாரும் சிரித்ததைப் பார்த்திருக்கலாம். ‘நமக்கும் ஆகிவிடுமோ’ என்ற பயம் போதும். பல சமயம் காரணமே அகப்படாது. அதற்காக விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டாம். ஆனால் பள்ளியிலோ வேனிலோ டியூஷனிலோ யாராவது மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று மட்டும் ஒரு நாள் நிதானமாகப் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் 1098 எண்ணை அழைக்கலாம்.

மருந்து? சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரைகள் இதில் பெரும்பாலும் பலன் தருவதில்லை. மலச்சிக்கலைக் கூட்டிவிடுவதும் உண்டு. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகவே நிற்கும். சிலருக்குத் திரும்பவும் தலைகாட்டிவிட்டுப் போகும். அதுவரை பெரியவர்கள் செய்ய வேண்டியது மிகக் கடினமான வேலை: சும்மா இருப்பது. “இப்பத்தானேடா போனே?” வேண்டாம். வெளியே கிளம்பும்போதெல்லாம் “வருதா, வருதா?” வேண்டாம். உறவினர் முன்னால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் அளந்தாயிற்று என்றால் புட்டியையும் எடுத்து வைத்துவிடுங்கள். தொடர்ந்து அளப்பதும் ஒரு வகை விசாரணைதான். தண்ணீரைக் குறைப்பது உதவாது. சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும், மலமும் இறுகும். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பார்லித் தண்ணீரால் கெடுதல் இல்லை, கொடுக்கலாம்.

இவற்றுக்கு நடுவே, சிறுநீரில் ரத்தம், ஒழுகிக்கொண்டே இருப்பது, முக்கி முக்கிச் சொட்டாக வருவது, முதுகின் அடியில் முடிக்கற்றையோ குழியோ இருப்பது, நடையில் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேனும் சிறப்பு மருத்துவரும் தேவை. அப்போது ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்கக் கூடாது.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கேரளப் பள்ளிகளில் 2019-இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கினார்கள். மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நல்ல ஏற்பாடு. ஆனால் குடித்த தண்ணீர் வெளியேற வேண்டுமே! தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து, காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கும் சிறுமிகளுக்குத்தான் தொற்றும் மலச்சிக்கலும் சுலபமாக வருகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். “மிஸ், ஒண்ணுக்கு” என்று பத்தாவது தடவை கை தூக்கும் பிள்ளையையும் அனுப்பிவிடுங்கள். கதவுப் பக்கத்தில் உட்கார வைத்தால் கேட்காமலே போய்வரும். அதே பிள்ளை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதும், சீருடை தொளதொளவென்று ஆவதும், பெஞ்சில் தலை சாய்ப்பதும் கண்ணில் பட்டால், டைரியில் குறிப்பு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து, இன்றே சர்க்கரை பாருங்கள் என்று சொல்லுங்கள்.