பழைய கணிப்பொறியும் புதிய விளையாட்டும்

பழவேற்காட்டு ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவ்வூர் மீனவர் முதலில் சொல்வது அதன் முகத்துவாரத்தைப் பற்றித்தான். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இந்த ஏரி. இதன் பரப்பில் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் பரந்து கிடக்கிறது. ஆயினும், தென்பகுதியில் ஏரியும் கடலும் கலக்கும் அந்தச் சிறிய வாய் மணலால் தூர்ந்துபோனால், அத்தனை பரப்பு இருந்தும் பயனில்லை. கடல்நீர் உட்புகுவது குறையும். அதனோடு வரவேண்டிய இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் குறையும். கடலுக்குச் செல்லும் படகு மணலில் தட்டி நிற்கும். ஏரியின் நடுவே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வாய் குறுகியிருக்கும் வரையில் அக்குறை தீராது.

மாணவ நண்பர்களே, இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் நான் இன்று சொல்லப் புகுந்த பொருளில் பாதி விளங்கிவிடும். வீட்டில் இருக்கும் பழைய கணிப்பொறிக்குச் சில உறுப்புகளை மாற்றிப் புத்துயிர் கொடுத்தால் இக்கால விளையாட்டுகளை அதில் ஆடலாமா, அதற்குச் செலவு செய்வது தகுமா என்பதே அப்பொருள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் நகைக்கலாம். இலக்கண ஐயத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களைவிட இந்த ஐயத்தோடு வருகிறவர்கள் தொகை மிகுதி.

அதற்குக் காரணமும் உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க விழா நடந்த காக்களூர், பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான். அதன்பின் பல ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் லட்சக்கணக்கில் அக்கணினிகளைப் பெற்றார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்தின் முதல் கணினி பெரும்பாலும் அதுவே. அண்ணன் பெற்றதைத் தம்பி எடுத்து ஆள்கிறான். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றுள் பலவற்றில் நினைவகம் 2 ஜிகாபைட். ஹார்ட் டிஸ்க் 320 ஜிகாபைட். படிப்புக்கு அன்று அது போதுமானதாக இருந்தது.

பழையது என்ற சொல்லை முதலில் சற்று ஆராய்வோம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது குப்பத்துச் சிறுவர்கள் வாசலில் நின்றே அதைக் காண்கிறார்கள். இஸ்ரோவின் ஏவுகலங்களில் 2009 முதல் பணி புரிந்துவரும் விக்ரம் 1601 என்னும் நுண்செயலி 16 பிட் வகையைச் சேர்ந்தது. வீட்டுக் கணினிகள் அவ்வகையைக் கடந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் வாரிசாகிய 32 பிட் விக்ரம் 3201 இஸ்ரோவின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில்தான். விண்ணுக்குச் செல்லும் கலத்தை வழிநடத்தப் போதுமான செயலி, ஒரு விளையாட்டுக்கு எங்ஙனம் போதாமற் போகும்? ராக்கெட்டின் வேலை இன்னது என முன்னரே அளந்து வரையறுக்கப்பட்டது. விளையாட்டின் வேலையோ ஆண்டுதோறும் பெருகுகிறது.

எவ்வளவு பெருகுகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. நம் மாணவர் வட்டத்தில் பெயர்பெற்ற வைஸ் சிட்டி என்னும் விளையாட்டு 2003-இல் கணினிக்கு வந்தது. அது கேட்ட குறைந்த அளவு நினைவகம் 128 மெகாபைட். (திருட்டும் துப்பாக்கியும் நிறைந்த அதன் கதை எனக்கு உவப்பானதன்று, எனினும் கணக்குக்கு அது நல்ல சான்று.) அவ்வரிசையில் 2015-இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5 கேட்டது 4 ஜிகாபைட். அதாவது 32 மடங்கு. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 12 ஜிகாபைட் கேட்கிறது, 96 மடங்கு. நினைவகத்தின் கதை இது. படம் வரையும் உறுப்பின் கதை இதனினும் கடுமையானது.

அதை விளக்க வேண்டும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்னரே எடுத்து முடித்த படங்கள். விளையாட்டில் நீங்கள் அடுத்த கணம் எந்த விசையை அழுத்துவீர்கள் என்று யாருக்கும் தெரியாதாகையால், ஒவ்வொரு படத்தையும் அந்தக் கணத்திலேயே புதிதாக வரைந்தாக வேண்டும். விநாடிக்கு 30 படமாவது வந்தால்தான் கண் பொறுக்கும்; 60 வந்தால் நீரோட்டம்போல் இருக்கும். சாதாரண மடிக்கணினித் திரையில் குறுக்கே 1366 புள்ளிகள், நெடுக்கே 768 புள்ளிகள். பெருக்கினால் 10,49,088. அவற்றை விநாடிக்கு 60 முறை வண்ணம் தீட்ட வேண்டுமெனில், ஒரு விநாடியில் 6 கோடியே 29 லட்சம் புள்ளிகள்.

கணினியின் மையச் செயலி, கிழிந்த வலையைத் தனியே அமர்ந்து சீர்செய்யும் முதிய மீனவரைப் போன்றது. சிக்கலான வேலையை ஒன்றன்பின் ஒன்றாக, அறிவோடு செய்யும். கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டுவதோ கரைவலை இழுப்பது போன்ற வேலை. அதற்குப் பெரிய சிந்தனை வேண்டா. ஒரே நேரத்தில் ஒரே வகையாக இழுக்கப் பல கைகள் வேண்டும். அந்தப் பல கைகளே கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலைச் செயலி. விளையாட்டுக்கென்றே செய்த கணினிகளில் அது தனி உறுப்பாக, தனக்கே உரிய நினைவகத்தோடு இருக்கும். அரசு வழங்கிய மடிக்கணினிகள் போன்ற எளிய பொறிகளில் மையச் செயலிக்குள்ளேயே சில கைகள் அடக்கப்பட்டிருக்கும்; அவை பொது நினைவகத்தைப் பங்கு கேட்டு வாங்கி உண்ணும்.

இனி முகத்துவாரத்திற்கு வருவோம். விளையாட்டு தட்டுத் தடுமாறுகிறது என்றால் எங்கேயோ ஒரு வாய் குறுகியிருக்கிறது. அது எது என்று அறியாமல் பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுவது வீண். அறியும் வழி எளிது, காசும் வேண்டா. விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜர் என்ற பலகையைத் திறந்து பாருங்கள். நினைவகம் நிரம்பி, டிஸ்க் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தால் குறுகிய வாய் நினைவகம். செயலி 100-ஐத் தொட்டு நின்றால் அதுவே தடை. இரண்டு கருக்கள் உள்ள செயலி 50 என்று காட்டினாலும் ஏமாற வேண்டா. பழைய விளையாட்டுகள் பல ஒரே கருவைத்தான் நம்பியிருக்கும், அந்த ஒன்று முழுதும் களைத்திருக்கலாம். இவை யாவும் ஓய்வாக இருக்க, படம் மட்டும் நொண்டினால், குறை வரைகலையில்.

கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரிக்குச் சென்று கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். அண்ணன் பிளஸ் டூவில் பெற்ற மடிக்கணினி, ஜி.டி.ஏ. 5 ஆட ஆசை. தந்தையார் புது வலைக்கென்று வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியைத் தர இசைந்திருந்தார். பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். தம் முறை வரும் நாளில்தான் ஒருவர் அவ்விடத்தில் வலை கட்டலாம். அந்த நாளில் வலை கிழிந்திருந்தால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆதலால் அது விளையாட்டான தொகையன்று. “ஐயா, எவ்வளவு செலவானாலும் அந்த விளையாட்டு ஓடுமா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார் இளைஞர். தங்கைக்கும் அவ்வாண்டு பிளஸ் டூ; அவளுக்கும் அதே கணினி வேண்டியிருந்தது.

முதலில் மூடியைக் கழற்றினோம். ஏரிக்கரை வீடுகளில் கணினிக்கு முதற்பகை உப்புக் காற்று. உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரமும் தூசியும் சேர்ந்து விசிறியின் இதழ்களிலும் வெப்பம் போக்கும் தகடுகளிலும் அடையாய்ப் படியும். இணைப்பு முனைகள் களிம்பேறும். செயலிக்கும் அத்தகட்டுக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் என்னும் பசை ஆண்டுகள் செல்லச்செல்ல உலர்ந்துவிடும். வெப்பம் வெளியேறாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டுத் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு நொண்டுவது இந்நோயின் அறிகுறி. தூசி போக்கிப் புதுப் பசை இட்டதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். இழந்த வேகத்தில் கணிசமான பகுதி அதிலேயே மீண்டது. உறுப்பு வாங்குமுன் இதைச் செய்யாதவர், தம் கணினியின் உண்மையான வேகத்தை அறியாமலே அதைக் குறை சொல்கிறார் என்பேன்.

அடுத்தது நினைவகம். இளைஞர் டி.டி.ஆர். 4 வகைத் துண்டு ஒன்றை விலை பேசி வைத்திருந்தார். அக்கணினியின் மதர்போர்டு டி.டி.ஆர். 3-க்கு உரியது. இரு வகைத் துண்டுகளிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதன் குழிக்குள் இறங்கவே இறங்காது. டி.டி.ஆர். 3-லும் 1.5 வோல்ட் வகை, 1.35 வோல்ட் வகை என இரண்டு உண்டு. பழைய துண்டின்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, அதற்கு ஒத்ததையே வாங்க வேண்டும். இன்னுமொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தை ஏற்காது. 32 பிட் வகை வீட்டு விண்டோஸ் எதுவும் 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. 64 பிட் வகையை நிறுவாமல் 8 ஜிகாபைட் வாங்கிப் பொருத்துவது, முகத்துவாரத்தைத் திறக்காமல் ஏரியை ஆழமாக்குவதுதான்.

காலியாக இருந்த இரண்டாம் குழியில் 4 ஜிகாபைட் துண்டு ஒன்று, பயன்படுத்தப்பட்டது, பொருத்தினோம். வரைகலைக்குத் தனி நினைவகம் இல்லாத பொறிகளில் ஒரு பெரிய துண்டைவிட இரண்டு துண்டுகள் நல்லவை. தரவு செல்ல ஒரு வழிக்கு இரண்டு வழி கிடைக்கிறது. 2025-இன் பிற்பகுதியில் புதிய நினைவகங்களின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. ஆகவே பழைய துண்டை நல்ல நிலையில் தேடி வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பின்னர் ஹார்ட் டிஸ்க். நிமிடத்திற்கு 5400 சுற்றுச் சுழலும் தட்டு, விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும்; விநாடியில் 180-இல் ஒரு பங்கு. கேட்கச் சிறிதே எனினும், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும்போது நிமிடங்கள் கரைகின்றன. எஸ்.எஸ்.டி. என்னும் புது வகையில் சுழலும் பாகமே இல்லை. அதை மாற்றியபின் கணினி விழித்தெழும் நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒன்று: விளையாட்டு விரைவில் திறக்குமேயன்றி, விநாடிக்கு வரையும் படங்களின் தொகை இதனால் ஏறுவதில்லை. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

எஞ்சியது வரைகலை. அங்கேதான் நாங்கள் நின்றோம். மேற்சொன்ன விளையாட்டு 1 ஜிகாபைட் தனி நினைவகம் உள்ள வரைகலைக் கார்டைக் குறைந்த அளவாகக் கேட்கிறது. மடிக்கணினியில் அதைப் பொருத்த இடமில்லை. மதர்போர்டில் பற்றவைத்த செயலியோடு பிறந்தது, அதோடு போவது. நிறுவிப் பார்த்தோம். திறந்தது, படங்கள் சுவரில் மாட்டிய சித்திரங்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வைஸ் சிட்டி வழுக்கிக்கொண்டு ஓடிற்று. மீதி இருந்த தொகைக்கு ஏதேனும் வழி உண்டா என்று இளைஞர் கேட்டார். இந்தப் பொறியில் இல்லை என்றேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அத்தொகையைத் தந்தையாரிடமே திருப்பிக் கொடுத்தார். அவ்வாரமே வலை வாங்கினார்கள். மாலையில் இரண்டு மணி நேரம் தங்கைக்கு, பிறகு தமக்கு என அவர்களாகவே கணினிக்கும் ஒரு பாடு முறை வகுத்துக்கொண்டார்கள்.

மேசைக் கணினி வைத்திருப்போர்க்கு நிலைமை வேறு. அதன் மதர்போர்டில் கார்டு செருகும் நீண்ட குழி இருக்கும். அக்குழி தானாகத் தரும் மின்சாரம் 75 வாட் வரைதான். ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற கார்டுகளில் பல அந்த அளவுக்குள் அடங்குவன. ஜி.டி.எக்ஸ். 1060 போன்றது 120 வாட் உண்பது. அதற்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளின் மின்பெட்டி பெரும்பாலும் சிறியது, கம்பியும் இராது. பழைய மரப்படகில் பெரிய எஞ்சினைக் கட்டினால் பின்புறம் தாழ்ந்து நீர் ஏறும் என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டிக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்பதையும் நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

இயக்க முறைமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் முடிந்தன. ஸ்டீம் என்னும் விளையாட்டுக் கடை 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7-ஐயும் 8-ஐயும் கைவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு 2011-ஆம் ஆண்டுப் பொறிகளில் கிடையாது. லினக்ஸ் வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பேட்டில் ஃபார் வெஸ்னோத் போன்ற, படைகளை முறை வைத்து நகர்த்தி ஆடும் விளையாட்டுகள் அவற்றில் எளிய பொறியிலும் நன்றாக ஓடும். படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் அது தாராளமாகப் போதும்.

டிஸ்க்கை மாற்றுகிறவர்கள் கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டா. 2.5 அங்குல டிஸ்க்குக்கான வெளிக்கூடு ஒன்றில் அதைப் பொருத்தினால் யு.எஸ்.பி. வழியே படிக்கலாம். அந்த இளைஞரின் டிஸ்க்கில் அண்ணனுடைய பள்ளிப் பாடங்களும், அக்காளின் திருமணப் படங்கள் முழுதும் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. முதலில் அவற்றை வேறிடத்தில் படியெடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே திருகுகளைக் கையில் எடுத்தோம்.