பேட்ஜ் ‘வாங்குவது’ பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் நாம் மார்க் வாங்குகிறோம், பட்டம் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், கத்திரிக்காயும் வாங்குகிறோம். சாரணர் படையில் ஒரு பையன் பேட்ஜ் ‘வாங்கினான்’ என்றால் உழைத்துப் பெற்றானா, கையை நீட்டிப் பெற்றுக்கொண்டானா, காசு கொடுத்தானா என்பது அந்தச் சொல்லில் தெரிவதில்லை. சிறுவர் இயக்கங்களில் பேட்ஜை உழைத்துத்தான் பெற வேண்டுமா, பிள்ளைகள் மனம் நோகாமல் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா என்ற விவாதமும் இந்த மங்கலுக்குள்தான் நடக்கிறது.

பேட்ஜை எதிர்ப்பவர்களின் வாதம் லேசானதல்ல. 1975இல் வெளிவந்த ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் மிஷேல் ஃபூக்கோ பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் ராணுவப் பள்ளி ஒன்றைக் காட்டுகிறார். மாணவர்களின் தரம் அவர்கள் தோள்பட்டையிலேயே தொங்கியது: வெள்ளி, பட்டு, கம்பளி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ‘அவமான’ வகுப்பு. அடையாளம் திறமையை அளக்க மட்டும் வரவில்லை. உடல்களை வரிசைப்படுத்தவும் வந்தது. சாரணர் இயக்கமும் ராணுவத்திலிருந்து கிளைத்ததுதானே. 1899–1900 மாஃபெகிங் முற்றுகையில் சிறுவர்கள் தூது ஓடியதைப் பார்த்த பேடன் பவல்தான் 1907இல் பிரவுன்சி தீவில் முதல் முகாமை நடத்தினார்.

ஆனால் இதே பேடன் பவல் பின்னாளில் சாரண ஆசிரியர்களுக்கு எழுதிய கையேட்டில் வேறொன்றைச் சொல்கிறார். பள்ளிக்கூடம்போல ஒரு தரத்தை எட்டினானா என்று பார்க்காதே, அந்தப் பையன் எவ்வளவு முயன்றான் என்று பார் என்கிறார். அப்படியானால் கைவராத பையன் பத்து நாள் போராடிப் போட்ட கோணல் முடிச்சுக்கும் பேட்ஜ் உண்டு. வரிசைப்படுத்தும் எந்திரத்துக்குள்ளேயே அதைக் குலைக்கிற ஒரு விதியும் இருந்திருக்கிறது. நம் ஊர் நடைமுறையில் முதலில் காணாமல் போனது அந்த விதிதான்.

சரி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டால்? சோவியத் பயனியர் அமைப்பில் (1922–1991) சிவப்புக் கழுத்துத் துணி கிட்டத்தட்ட ஒவ்வொரு பள்ளிக் குழந்தைக்கும் கிடைத்தது. கிடைப்பதில் பெருமை குறையக் குறைய, பறிக்கப்படுவது தண்டனையாயிற்று. அங்கும் அடையாளம் அதிகாரத்தின் கையில்தான் இருந்தது.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் உதவும். தாமாகவே ஆசையாய்ப் படம் வரைகிற மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் ‘வரைந்தால் பொன் முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது: சான்றிதழுக்கு எந்தத் தகுதியும் வைக்கப்படவில்லை, வரைந்தாலே போதும். ஆக, ஆசையைக் கொன்றது தேர்வின் கடினமல்ல, பேரம். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் விஷம் இறங்கிவிடும் என்பது நடக்காத காரியம்.

பேரம் நம்மிடம் இன்னும் வெளிப்படையானது. இந்திய ரயில்வே வேலைகளில் சாரணர் ஒதுக்கீடு உண்டு. குடியரசுத் தலைவர் விருது அதற்கான தகுதிகளில் ஒன்று. வேலையில்லாத நாட்டில் ஒரு பையன் அதற்காக ஓடுவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பேட்ஜ் நாணயமாகிவிட்டால் அதைச் சேர்க்க முடிந்தவன் யார் என்று கேட்டாக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இங்கே இந்தியச் சிறுவர்களுக்கு இடமே இருக்கவில்லை. அதனால்தான் 1916இல் அன்னிபெசன்ட் சென்னையில் தனிச் சாரணர் அமைப்பைத் தொடங்க நேர்ந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. யூனிபார்ம், முகாம் கட்டணம், பஸ் செலவு என்று வாசற்படிதான் உயர்ந்திருக்கிறது.

நான் படித்த கடலோரப் பள்ளியில் வலை பின்னுகிற வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். எங்கள் வாத்தியாருக்குத் தெரிந்த முடிச்சுகள் ஏழெட்டு. அவனுக்கு அதைவிட இரண்டு மடங்கு. முடிச்சுத் தேர்வில் அவன் தேறவில்லை. முடிச்சின் இங்கிலீஷ் பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாங்கள் பெயரை மனப்பாடம் செய்திருந்தோம். பதிவேட்டையும் போன வருஷத்து அண்ணன்களிடமிருந்து பார்த்து எழுதியிருந்தோம். பேட்ஜ் எங்களுக்குத்தான். ‘உழைத்துப் பெற்றவர்கள்’ என்று மேடையில் சொன்னாங்க, நாங்களும் கைதட்டினோம்.

அதனால் உழைத்துப் பெற வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. செய்யாத ஒன்றுக்குப் பாராட்டுவது குழந்தையிடம் சொல்கிற பொய்; அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அளவுகோல் அந்தக் குழந்தை நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். எதைக் கற்பது என்பதை அது தேர்ந்துகொள்ள வேண்டும். அதன் கையைப் பார்த்தவர் மதிப்பிட வேண்டும், பதிவேட்டைப் பார்த்தவர் அல்ல. இதற்கெல்லாம் முதலில் உழைக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அந்தப் பையனின் முடிச்சுகளுக்கு அவன் வீட்டில் என்ன பெயர் என்று எங்களில் ஒருவரும் அன்றைக்குக் கேட்கவில்லை.