ஏரியோடு போன வேலைகள்!

கும்மிடிப்பூண்டி பக்கம் உள்ள தேர்வாய் கண்டிகை என்றதும், இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது சிப்காட் தொழிற்பூங்காவும், சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கமும்தான். ஆனால், ஒரு தலைமுறைக்கு முன்புவரை இது ஏரியையும் மேய்ச்சல் காட்டையும் நம்பிய ஊர். இங்கும் சுற்றுவட்டாரத்திலும் அன்றாடம் புழங்கிய பல வேலைகளின் பெயர்கூட இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

பாட்டே கணக்கு

மோட்டார் வருவதற்கு முன்பு தொண்டை மண்டலத்துக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது ஏற்றமும் கவலையும். கவலையை மாடுகள் இழுக்கும். ஏற்றத்துக்கு ஆள்பலம் வேண்டும். கவைக்காலில் பொருத்திய நீண்ட மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். மரத்தின் நுனியில் தொங்கும் சால் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். அலுப்புத் தெரியாமல் இருக்க ஏற்றப்பாட்டு. பிள்ளையாரில் தொடங்கி, எண்ணிக்கையைக் கோத்துப் பாடுவதால், எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அதிலேயே தெரிந்துவிடும். ஆயில் இன்ஜினும், பிறகு மின்மோட்டாரும் வந்ததும் ஏற்ற மரம் விறகானது. பாட்டும் அதோடு நின்றுபோனது.

களத்திலேயே கூலி

ஏரிப் பாசனத்தில் மதகைத் திறப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்து விடுவதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. அறுவடையானதும் களத்துமேட்டிலேயே மரக்காலால் நெல் அளந்து அவருக்குக் கூலி கொடுப்பார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு விரிவானது என்பதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே ஏரிப் பராமரிப்பு, கணக்கர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார் என ஒவ்வொன்றுக்கும் நெல் ஒதுக்கிய விவரம் அதில் பதிவாகியிருக்கிறது. ஏரிக்கரை உடைந்தால் யார் செலவு செய்வது என்ற கேள்விக்குக் களத்திலேயே பதில் இருந்தது.

மேய்க்காலும் ஏரியும்

ஆடு, மாடு, விறகு, மூலிகை எல்லாவற்றுக்கும் தேர்வாய் மக்களுக்குக் கைகொடுத்தது மேய்க்கால் நிலம். அதில் 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. 2009-ல் பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிஷ்லின் இங்கே ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் போட்டது. மேய்ச்சல் நிலமும் நீர்வரத்தும் போய்விடும் என்று ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். இருந்தும் ஆலை வந்தது.

அடுத்து, கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. இதற்காக விவசாய நிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட இது, 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு சென்னைக் குடிநீருக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கம். தண்ணீர் கண்டலேறு-பூண்டி கால்வாய் வழியாக வருகிறது. நகரத்தின் தாகம் தீர்கிறது. நீர்க்கட்டிக்குத்தான் அங்கே வேலையில்லை.

இன்றும் மிச்சமிருப்பது

பழைய வேலைகளில் ஒன்றை மட்டும் இப்போதும் கையிலெடுக்கலாம். அந்தக் காலத்தில் கோடையில் ஏரி வற்றியதும், வண்டல் மண்ணை மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரம் கிடைக்கும், ஏரியும் தூர்ந்துபோகாது. 2024-ல் தமிழக அரசு இதற்கான நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று இலவசமாக வண்டல் எடுக்க வழி செய்தது. ஏரி மிஞ்சியிருக்கும் ஊர்களில் கோடை வரும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. எந்த இடத்தில் வெட்டினால் கரைக்கும் மதகுக்கும் சேதம் வராது என்பதை, நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.