ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்

பித்தப்பையை அகற்ற இன்று வயிற்றில் சில துளைகள் போதும். ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். 1970களில் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குமேல் ஆஸ்பத்திரிக் கட்டில். வலியோடு படுத்திருப்பவர் பார்ப்பதற்கு ஜன்னலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. அங்கே சில அறைகளின் ஜன்னலில் மரங்கள் தெரியும். அதே அளவுள்ள மற்ற அறைகளில் பழுப்புநிறச் செங்கல் சுவர் மட்டும்தான். எந்தக் கட்டில் காலியோ அதில்தான் நோயாளியைச் சேர்ப்பார்கள். மரம் வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்கியதில்லை. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இது போதுமானதாக இருந்தது. அங்கே பித்தப்பை அகற்றப்பட்டவர்களின் 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்தார். அவற்றில் மே முதல் அக்டோபர் வரை சிகிச்சை பெற்றவர்களை மட்டும் பிரித்தார். மற்ற மாதங்களில் அந்த மரங்களில் இலை இருக்காது. வயது, பாலினம், உடல் பருமன், புகைப்பழக்கம் எல்லாம் பொருந்தும்படி 23 ஜோடிகளைச் சேர்த்தார். ஜோடியில் ஒருவர் மரத்தைப் பார்த்தவர், இன்னொருவர் சுவரைப் பார்த்தவர்.

1984-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பியிருந்தார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. முக்கால் நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் நர்ஸுகள் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். அழுகிறார், மனம் தளர்ந்திருக்கிறார், நிறையத் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற வகைக் குறிப்புகள் சுவர்ப்பக்க நோயாளி ஒருவருக்குச் சராசரியாக 3.96, மரப்பக்கம் 1.13. அவற்றை எழுதிய நர்ஸுகளுக்கு இப்படியொரு ஆய்வு வரும் என்றே தெரியாது. வலி மருந்திலும் வித்தியாசம் இருந்தது. முதல் நாள் மயக்கத்தில் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான ஊசிகள் குறைவாகவே தேவைப்பட்டன.

மொத்தம் 46 பேர்தான். இதை வைத்து மரம் நோயைக் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது, உல்ரிச்சும் சொல்லவில்லை. வெறும் சுவருக்குப் பதில் சுறுசுறுப்பான தெரு தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்ற கேள்வியை அவரே எழுப்பினார். அந்த நேர்மைதான் இந்தச் சிறிய ஆய்வின்மீது மதிப்பைக் கூட்டுகிறது.

உல்ரிச்சுக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. சிறுவயதில் சிறுநீரக நோயால் நெடுநாள் வீட்டில் படுத்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற பைன் மரம்தான் அவருக்குத் துணை.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இந்தத் துணையை நோயாளியைவிட உடன் வந்தவர்களே அதிகம் அனுபவிக்கிறார்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, பக்கத்தில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். புதிய கட்டடத்துக்காக அந்த மரத்தை வெட்டும்போது போவது நிழல் மட்டுமல்ல, இந்தத் துணையும்தான். அதையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போட வேண்டும்.

சிங்கப்பூரின் ஈசூனில் 2010-ல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையில் அப்படித்தான் திட்டம் போட்டார்கள். பக்கத்துக் குளத்தைப் பார்த்தபடி கட்டடம் திறந்திருக்கிறது. நடுமுற்றம் முழுக்கச் செடிகள். மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம். அங்கே களையெடுத்துத் தண்ணீர் ஊற்ற வருகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள்.