கந்தும் தோட்டியும்

யானையைக் கட்டும் தறிக்குக் கந்து என்றும், அடக்கும் கருவிக்குத் தோட்டி என்றும் பெயர். இச்சொற்களைக் கற்பிக்குந்தோறும், "ஐயா, இவற்றாலேதானா யானை பழகிற்று?" என்று மாணவர் வினவுவர். வன்னிப் பிள்ளைகள் வேறெதனை வினவுவர்!

வன்னிச் சிற்றரசர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளையே திறையாக அளித்தனர். அவை யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகர்க்கு விலையாயின. ஆனையிறவு என்னும் ஊர்ப்பெயரே அவ்வழிக்குச் சான்று என்பர்.

காட்டுயானையின் காலில் தோற்கயிற்றுச் சுருக்கிட்டுப் பிடித்தோர் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். பிடித்தல் ஒரு பொழுதின் வீரம். பழக்குதலோ பொறுமையின் தொழில். இலங்கையில் யானை பழக்கிய முறையைச் சேர் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். முதற் சில நாட்கள் அதனைத் தன்பாட்டில் விட்டுவிடுவர். பின்னர்ப் பழகிய யானைகள் இருமருங்கும் நிற்க, பாகர் இன்சொற் கூறித் தடவிக்கொடுப்பர், உணவூட்டுவர், நீராட்டுவர். ஏறத்தாழ இரண்டு திங்களில் அது துணையின்றியே பாகனைச் சுமந்து நடக்கும்.

தோட்டிக்கும் அங்கே வேலையுண்டு. யானை துதிக்கையை ஓங்கினால் அதன் கூர்முனையை எதிரே நீட்டுவர். துதிக்கை புண்பட்டுத் தானே சுருண்டுகொள்ளும். மாணவரிடம் இதனை மறைத்தல் தகாது.

இத்தனைக்கும் இணங்கிய யானைகளுட் சில, காயமேதுமின்றி, ஒருநாள் திடீரென வீழ்ந்து மாண்டன. நெஞ்சுடைந்து இறந்தன என்றே பழக்கியோர் கூறினராம்.